லேமினேஷன் செலவு தனி

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே மின்கம்பங்களில் பையன்கள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நீல ஓவரால், கையில் புது ஸ்பானர், நகக்கண்ணில் ஒரு பொட்டு கிரீஸ்கூடக் கிடையாது. கீழே ‘100% வேலைவாய்ப்பு’ என்று கொட்டை எழுத்து. அதைப் பார்த்துவிட்டு, “பையனை மோட்டார் மெக்கானிக் படிக்க வைத்தால் போட்ட காசு வருமா?” என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆட்டுக்குட்டி வாங்கினால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

சான்றிதழுக்குப் பல் கிடையாது. ஆகவே வரவு செலவை நான் பார்த்துச் சொல்கிறேன். முதலிலேயே நற்செய்தி: இந்தத் தொழிலில் லாபம் உறுதி. யாருக்கு என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

செலவை அரசு ஐ.டி.ஐ.யிலிருந்து தொடங்குவோம். திட்டுவதற்கு அங்கேதான் குறைவாக இருக்கிறது. மோட்டார் வாகன மெக்கானிக், இரண்டு வருடப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன் என்றால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் இன்னொரு 1,000. பற்று என்று எழுத ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. இருக்கிறது ஐயா. பதினாறு வயதுப் பையனின் இரண்டு வருடம். அதைச் செலவு என்று எழுதும் பழக்கம் எந்த இலாகாவுக்கும் இல்லை. பையனின் வயது கஜானாவிலிருந்து போவதில்லை அல்லவா?

அந்த இரண்டு வருடத்தில் என்ன நடக்கிறது? முதலில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரம் போட்டுச் சதுரமாக்கு என்பார்கள். இதைக் கேலி செய்ய மாட்டேன். கை பழக அதுதான் வழி. அப்புறம் குறுக்கே அறுத்து வைத்த இன்ஜினைக் காட்டுவார்கள். தண்ணீர் போகிற வழிக்குப் பச்சை, புகை போகிற வழிக்குச் சிவப்பு என்று பெயின்ட் அடித்து, கோயில் தேர் மாதிரி நிற்கும். ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகிற இன்ஜின் ஒன்று இருந்தால் அதை ஒவ்வொரு பேட்சும் கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டி, போல்ட் தலையெல்லாம் மொழுக்கென்று ஆகியிருக்கும். கார்புரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லித் தருவார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததும் புது பைக்குகளிலிருந்துகூட அது ஏறக்குறையப் போய்விட்டது என்பதைப் பையன் தெருவில் வந்துதான் தெரிந்துகொள்வான். கடைசியில் தியரிப் பரீட்சை கம்ப்யூட்டரில். நான்கு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். செங்கல்பட்டு டோல்கேட் தாண்டி ராத்திரி பதினொரு மணிக்கு நின்றுபோகிற வண்டி நான்கு விடைகளைக் காட்டிவிட்டு நிற்பதில்லை. அது சும்மா நிற்கும்.

பாடங்களில் ஒன்று ‘வேலைவாய்ப்புத் திறன்கள்’. கைகுலுக்குவது எப்படி, நேர்காணலில் உட்காருவது எப்படி என்றெல்லாம் உண்டு. வேலை கொடுக்கிறவருக்கு எந்தத் திறனும் பாடத்திட்டத்தில் வைக்கப்படவில்லை.

இதையெல்லாம் மாற்றத்தான் டாடா டெக்னாலஜிஸோடு கூட்டுச் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 மையங்களாக ஆக்கும் வேலையை மாநில அரசு எடுத்தது. ரோபோ கை வந்தது, சி.என்.சி. வந்தது, எலெக்ட்ரிக் வாகனப் படிப்பு வந்தது. மனதாரப் பாராட்டுகிறேன். படிப்பு நான்காம் தொழிற்புரட்சிக்கு. படித்து முடித்தவனை வரவேற்கக் காத்திருப்பதோ 1961ஆம் வருடத்துச் சட்டம். அதற்கு வருகிறேன்.

தனியார் ஐ.டி.ஐ.யையும் ஒரு பாராவில் முடித்துவிடலாம். அங்கே பற்றுப் பக்கம் நிறைய எழுத வேண்டும்: சேர்க்கை, பயிற்சி, பரீட்சை, ஓவரால், ‘இதர’. இந்த ‘இதர’ என்ற தலைப்பில்தான் தாளாளரின் புதுக் கார் வந்து நிற்கும். அந்தக் காருக்குச் சர்வீஸ், பக்கத்து ஊர் கம்பெனி ஷோரூமில். தன் மாணவன் கையில் அதைக் கொடுக்கிற அளவுக்கு அவர் ஏமாளி இல்லை. நல்ல தனியார் நிலையங்களும் உண்டு. அவர்களின் போஸ்டரில் 100% இருக்காது.

சரி, சான்றிதழ் வந்துவிட்டது. இனி வரவு.

சான்றிதழோடு போகிற முதல் இடம் அப்ரண்டிஸ். கவர்ன்மென்ட் பாஷையில் தொழிற்பழகுநர். 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படியுங்கள்: பழகுநர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. காலை ஷிப்டுக்கு அதே பஸ்ஸில் வருகிறான், அதே லிஃப்டுக்கு அடியில் நிற்கிறான், அவன் தலையிலும் அதே இன்ஜின் ஆயில்தான் சொட்டுகிறது. ஆனாலும் தொழிலாளி அல்ல. உடல்நலம், பாதுகாப்பு போன்ற சில விதிகள் தவிர, தொழிலாளர் சட்டம் எதுவும் அவனைத் தொடாது. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கடமை நிறுவனத்துக்கு இல்லை என்று சட்டம் முன்பு பச்சையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2014 திருத்தம் அதை நாகரிகப்படுத்தியது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் அதற்கான கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ளலாம். பூனையிடமே கேட்டாயிற்று, பாலுக்கு என்ன கொள்கை என்று.

இனிமேல்தான் கணக்கில் சுவை. 2019இல் அரசு வகுத்த விதிகளில் பழகுநருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை இப்படி: பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000. ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு 7,000. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கும் 7,000. இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள் ஐயா. உங்கள் பையன் இரண்டு வருடம் அரம் தேய்த்து, அறுத்த இன்ஜினைப் பார்த்து, கிரீஸில் குளித்து வாங்கிய சான்றிதழும், பக்கத்து வீட்டுப் பையன் அதே இரண்டு வருடம் வரலாறும் வணிகவியலும் படித்து வாங்கிய மதிப்பெண் பட்டியலும் கார் லிஃப்டுக்கு அடியில் ஒரே விலை. வணிகவியல் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனாவது கணக்கு எழுதக் கற்றிருப்பான். இந்த விதியை எழுதியவர் எதையும் கற்கவில்லை.

அந்த 7,000மும் முழுக்க நிறுவனத்தின் பையிலிருந்து போவதில்லை. 2016இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால்பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது. மிச்சம் 5,500. பாவம், கார் கம்பெனி. இதையும் தாங்க முடியாமல் பழகுநரே வைத்துக்கொள்ளாமல் விட்டால்? அதற்குத் தண்டனை உண்டு. ஆறு மாதச் சிறைகூட ஏட்டில் இருந்தது. தொழில் செய்வோர் மனம் நோகக் கூடாதே என்று 2014 திருத்தம் சிறையை எடுத்துவிட்டு அபராதம் வைத்தது: குறைகிற ஒவ்வொரு பழகுநருக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அப்புறம் 1,000. வைத்துக்கொண்டால் மாதம் 5,500, வைத்துக்கொள்ளாவிட்டால் முதல் மூன்று மாதம் வெறும் 500. சட்டத்தை மீறுவது சட்டப்படி நடப்பதைவிடப் பதினொரு மடங்கு சிக்கனம். இப்படி ஒரு சட்டம் எழுத எத்தனை படித்த மூளைகள் ஒன்றுகூடியிருக்க வேண்டும்!

ஒரு வருடம் பழகி முடித்ததும் இன்னொரு சான்றிதழ் வரும். அதையும் லேமினேட் செய்யலாம். அதற்கு அப்புறம் வேலை என்றுதானே நினைக்கிறீர்கள்? அதற்கு அப்புறம் ‘ட்ரெய்னி’. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விசாரித்தால் இந்தப் படிக்கட்டின் எல்லாப் படிகளுக்கும் பெயர் சொல்வார்கள்: அப்ரண்டிஸ், ட்ரெய்னி, நீம், எஃப்.டி.இ. என்கிற குறித்த கால வேலை, கான்ட்ராக்ட். எந்தப் படியிலும் ‘பெர்மனன்ட்’ என்ற பலகை கண்ணில் படாது. ‘நீம்’ வேப்பமரம் அல்ல. 2013இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் கொண்டுவந்த, வேலைக்குத் தகுதியாக்கும் தேசியத் திட்டம். அதில் சேர்ந்தவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று விதி சொன்னது தெரியுமா? திறனற்ற தொழிலாளிக்கு உள்ள குறைந்தபட்சக் கூலி. திறன் வளர்க்கும் திட்டம், திறனற்றவனின் கூலி. திட்டம் பிறகு கைவிடப்பட்டது, பழக்கம் கைவிடப்படவில்லை. கான்ட்ராக்டரின் வேன் இன்றும் அதே ஸ்டாப்பில்தான் நிற்கிறது.

ஆலை வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கே போகட்டும் என்பீர்கள். போகட்டும். ஏ.சி. ஹாலில் வெள்ளைச் சட்டை போட்ட சர்வீஸ் அட்வைசர் உங்களுக்குக் காபி கொடுத்து, வண்டியில் இருபது குறைகளை எழுதுவார். உள்ளே இருக்கிற பையன் அதில் நிஜமான இரண்டைச் சரிசெய்வான். பில்லில் ‘லேபர்’ என்று ஒரு வரி இருக்கும். அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. உண்டு. கிளட்ச் மாற்றிய பில் சிலவற்றை எடுத்து லேபர் வரிகளைக் கூட்டுங்கள்; பழகுநரின் ஒரு மாத உதவித்தொகை அதில் அடங்கிவிடும். லேபர் என்று உங்களிடம் வாங்குகிற பணத்துக்கு உள்ளே ஒரு லேபர் இருக்க வேண்டும் அல்லவா? சட்டப்படி இல்லை. அவன் பழகுநர்.

“பேசாமல் பட்டறைக்கே அனுப்பியிருக்கலாமோ?” என்று இந்த இடத்தில் அப்பாவுக்குத் தோன்றும். பட்டறையைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, கைகழுவப் பெட்ரோல், திட்டு வாங்க மேஸ்திரி. “சர்டிபிகேட்டா? அது பத்திரமா பைல்ல இருக்கட்டும் தம்பி, நீ அந்தப் பதினாலாம் நம்பரை எடு” என்பார் அண்ணன். ஆனால் புதுப்பேட்டைச் சந்துகளில், ஜி.பி. ரோட்டில், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் ஒரு காதை மூடிக்கொண்டு மறு காதால் இன்ஜினைக் கேட்டே எந்த சிலிண்டர் சோம்பல்படுகிறது என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சான்றிதழும் இல்லை. ஆகவே அரசாங்கக் கணக்கில் அவர்கள் திறனற்றவர்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தேசமே புறப்பட்டது. 2022க்குள் 40 கோடிப் பேருக்குத் திறன் என்று முழங்கிய திறன் இந்தியா இயக்கத்தோடு சேர்ந்து 2015 ஜூலையில் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2022 வந்தது, போனது. 40 கோடி வரவில்லை. சில மாதப் படிப்பு, பையனுக்கு இலவசம். மையத்துக்கு அரசு தவணையில் பணம் தந்தது: ஆள் சேர்த்ததும் ஒரு பங்கு, சான்றிதழ் வந்ததும் பெரிய பங்கு, வேலை கிடைத்ததும் மிச்சம். மையம் நடத்தியவர் எந்தப் பங்கோடு கடையைக் கட்டியிருப்பார் என்று ஊகிக்கச் சான்றிதழ் தேவையில்லை. இருபது வருடம் பட்டறையில் இருந்தவருக்கும் வழி உண்டு. ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்று பெயர். ஓரிரு நாள் உட்காரவைத்து, தொப்பி கொடுத்து, ஸ்பானர் என்றால் என்ன என்று அவருக்கே விளக்கி, ஒரு பரீட்சை வைத்து, போட்டோ எடுத்துச் சான்றிதழ் தருவார்கள். முன்பு கூடவே 500 ரூபாயும் உண்டு, வங்கிக் கணக்கில்.

எந்த வங்கிக் கணக்கில்? 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை அதைப் பார்த்துவிட்டது. சுமார் 95.9 லட்சம் பேரின் பதிவுகளில் 94 சதவீதத்துக்கும் மேலானவர்களின் வங்கிக் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம், அல்லது ‘பொருந்தாது’, அல்லது வெற்றிடம். எண் இருந்த இடங்களில் சிலவற்றில் வெறும் ஒன்றுகளாக வரிசை கட்டிய கணக்கு எண். ஒரே போட்டோ பல பேருக்கு. ரேஷன் கார்டில் அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை நடக்க விடுகிற நாடு இது. ஒன்று ஒன்று ஒன்று என்று எழுதினவனைப் பார்த்து எந்தக் கிளார்க்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளவில்லை. சான்றிதழ் மட்டும் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது.

இவையெல்லாம் சில்லறை. பெரிய மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு யாரையும் கைது செய்ய முடியாது. எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது.

வாகனத் தொழிலில் எது திறன், எத்தனை மணிநேரம், என்ன பரீட்சை என்று வகுப்பது வாகனத் திறன் மேம்பாட்டுக் கவுன்சில். அதைப் பெற்றெடுத்தவர்களில் கார் தயாரிப்பாளர் சங்கம் உண்டு, உதிரிபாக உற்பத்தியாளர் சங்கம் உண்டு, டீலர்கள் சங்கம் உண்டு. மெக்கானிக் சங்கம்? நல்ல நகைச்சுவை. சரி, தொழில் தெரிந்தவர்கள்தானே வகுக்க வேண்டும் என்பீர்கள். இருக்கட்டும்.

இனி 2014 ஆகஸ்டுக்கு வாருங்கள். இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றம் என்ன? உண்மையான உதிரிபாகத்தையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும், ரிப்பேர் கையேட்டையும் வெளியே இருக்கிற மெக்கானிக்குக் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைத்தது. உடனே மேல்முறையீடு, வழக்கு, வாதம். சட்டத்துக்கு அவகாசம் வேண்டும். அவகாசத்துக்கு வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் லேபர் சார்ஜிலிருந்து வரும்.

இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு கையால், ‘இவன் இந்த வண்டியைச் சரிசெய்யத் தகுதியானவன்’ என்று சான்றிதழ் வழங்குகிற தொழில், மறு கையால் வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்கிறது. பையன் சொந்தமாகக் கடை போடுகிறான். முத்ரா கடனில் சந்தை ஸ்கேனர் ஒன்று வாங்குகிறான். வண்டி வருகிறது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் எரர் கோட் வருகிறது, என்ன கோளாறு என்றும் அவனுக்குத் தெரிகிறது. புது மாட்யூலையும் எப்படியோ வாங்கிப் பொருத்திவிடுகிறான். அதை வண்டிக்கு அறிமுகப்படுத்தக் கம்பெனி சாப்ட்வேர் வேண்டும். “சார், இதுக்கு மட்டும் ஷோரூம் போயிடுங்க” என்கிறான் வாடிக்கையாளரிடம். அந்த வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார். சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு அவன் தோல்வி நட்டம் இல்லை. அவன் கடையை மூடிவிட்டு அவர்களிடமே டெக்னீஷியனாக வந்து நிற்பான், பயிற்சி பெற்ற ஆளாக, பேரம் பேசத் தெம்பில்லாத ஆளாக.

நுகர்வோர் துறையும் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்குக் குழு போட்டார்கள், டிசம்பரில் போர்ட்டல் திறந்தார்கள். வாகனங்களும் அதில் உண்டு. உள்ளே போனால் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர் விவரம் அழகாகக் கிடைக்கும். பூட்டின் பக்கத்திலேயே பூட்டுக் கம்பெனி விலாசம்.

எலெக்ட்ரிக் வண்டி வந்ததும் இது இன்னும் சுத்தமாகிவிட்டது. அதில் கழற்றுவதற்குச் சாமான் குறைவு, பூட்டுவதற்குச் சாப்ட்வேர் அதிகம். அதற்கும் இரண்டு வருடச் சான்றிதழ் படிப்பு நம் ஐ.டி.ஐ.களில் வந்துவிட்டது என்று மேலே சொன்னேனே. சேர்க்கை நன்றாக நடக்கிறது.

‘திறனுள்ள ஆள் கிடைக்கவில்லை’ என்று தொழில் மாநாட்டு மேடையில் அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிடைக்கிறான் ஐயா. 7,000 ரூபாய்க்குக் கிடைக்க மாட்டேன் என்கிறான், அவ்வளவுதான். தக்காளி விலை ஏறினால் ‘தக்காளி கிடைக்கவில்லை’ என்று சொல்லாமல் கூடக் கொடுத்து வாங்குகிறவர்கள், மெக்கானிக் விஷயத்தில் மட்டும் அரசாங்கம் இன்னும் ஒரு லட்சம் பேரை உற்பத்தி செய்து விலையைக் குறைத்துத் தர வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பெயர் திறன் இந்தியா.

பையனை என்ன செய்வது என்று கேட்டீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தால் சேருங்கள்; இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன், சேருங்கள். கை பழகும், அடுத்து டிப்ளமோவுக்கு வழி இருக்கிறது, ரயில்வேக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் விண்ணப்பம் போட அந்தக் காகிதம் வேண்டும். தனியார் என்றால், போன வருடம் முடித்த பத்துப் பேரின் போன் நம்பர் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிற இடத்தில் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். அப்ரண்டிஸ் சேரும்போது ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வாங்குங்கள். அதில் என்ன தொழில் என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் சொல்லித்தர வேண்டும். மெக்கானிக் என்று எழுதிவிட்டுப் பையனை ஆறு மாதம் வாட்டர் வாஷில் நிறுத்தினால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பிறகு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு மனுவோடு போங்கள். தனியாகப் போகாதீர்கள், தனியாகப் போனால் உட்காரச் சொல்லி, சாயங்காலம் எழுந்துபோகச் சொல்வார்கள். அந்த பேட்சில் எத்தனை பையன்களோ அத்தனை அப்பாக்களும் அம்மாக்களும் ஒன்றாகப் போங்கள். அத்தனை பேரை உட்காரவைக்க அங்கே நாற்காலி கிடையாது.